பிள்ளையை வைத்துப் பரீட்சிப்பதா?

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு தாயார் சில வாரங்களுக்கு முன் நமக்குக் கடிதமொன்று எழுதியிருந்தார். ஆறு கொப்பித் தாள்களில், இரு பக்கமும் நெருக்கி எழுதிய கடிதம். அதன் சாரம் இதுதான்.

அவருடைய மூத்த மகனுக்கு வயது இருபது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதியை எதிர்பார்த்திருந்தவர். விட்டுவிட்டு வரும் காய்ச்சலில் தொடங்கிற்று. பின்பு பல் விளக்கும்போது முரசில் இரத்தம் கசிந்தது. காரணமில்லாமல் கையிலும் காலிலும் நீலத் தழும்புகள் கண்டன. இரத்தத்தைச் சோதித்த வைத்தியர் தகப்பனாரைத் தனியே அழைத்து, இஃது இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார். உறவினரின் யோசனைப்படி தமிழகத்திலுள்ள ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். முதற்கட்டச் சிகிச்சையில் நோய் அடங்கியது. அடுத்த கட்டத்துக்கு முன் சிறிது காலம் வீட்டுக்கு வந்திருக்கின்றனர். புறப்படும்பொழுது அங்குள்ள வைத்தியர், "அடுத்த கட்டத்தில் இரு சிகிச்சை முறைகளை ஒப்பிடும் பரீட்சையொன்று நடைபெறுகிறது. விரும்பினால் உங்கள் மகன் அதிற் சேரலாம். யோசித்து வந்து சொல்லுங்கள்" என்று ஒரு பத்திரத்தைக் கொடுத்தனுப்பினாராம்.

வீடு இரண்டுபட்டுவிட்டது. சேர்க்கலாம் என்கிறார் தகப்பனார். கொட்டாஞ்சேனையிலிருக்கும் தாய்மாமன், "எங்கட பிள்ளையை எலியாக்கப் போறாங்கள், ஒருக்காலும் விடாதை, தங்கச்சி" என்று தினமும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுகிறார். தாயாரின் கேள்வி ஒன்றே: "பிள்ளையை வைத்துப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு ஒரு தாய் சம்மதிக்கலாமா?" கடிதத்தின் கடைசித் தாளில், வேறு எதையோ எழுதுவதுபோல, இன்னொரு வரியும் இருந்தது: "மகனுக்கு இது என்ன வருத்தமென்று நாங்கள் இன்னும் சொல்லவில்லை. கடுமையான இரத்தக் குறைவு என்றுதான் சொல்லியிருக்கிறோம்."

காலம் கருதி அந்த அம்மையாருக்கு உடனே தனியாக மறுமொழி எழுதினோம். ஆயினும் இக்கேள்வி இன்று பல வீடுகளில் எழக்கூடியது. ஆதலால், அவருடைய அனுமதியுடன், அடையாளங்களை நீக்கி, நமது வாசகர் எல்லோர் முன்னிலையிலும் இதனை எடுத்துக்கொள்கிறோம்.

சொல்லில் வந்த மயக்கம்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்தல் வேண்டும். இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை என்று நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். அங்கே சோதிக்கப்படுவது நமது உடல். மருந்துப் பரீட்சை என்பது அதுவன்று. அங்கே பரீட்சை எழுதுவது மருந்து. நோயாளரும் வைத்தியரும் சேர்ந்து அதற்குப் புள்ளியிடுகின்றனர். இரண்டு சிகிச்சைகளுள் எது நோயாளரை நீண்ட காலம் வாழ வைக்கிறது, எது குறைந்த துன்பம் தருகிறது என்பதை எண்ணிக் கணக்கிட்டு அறிவதே அதன் நோக்கம்.

இரத்தப் புற்றுநோய் என்பதும் ஒரு நோயன்று; பல நோய்களின் பொதுப் பெயர். எலும்பினுள்ளே இருக்கும் மச்சையிலேதான் செங்குழியங்களும் வெண்குழியங்களும் குருதிச் சிறுதட்டுக்களும் உண்டாகின்றன. அங்கே முதிராத வெண்குழியங்கள் கட்டுக்கடங்காமற் பெருகினால் மற்றவற்றுக்கு இடமில்லாது போகிறது. செங்குழியம் குறைவதால் வெளிறலும் களைப்பும், சிறுதட்டுக் குறைவதால் இரத்தக் கசிவு, நல்ல வெண்குழியம் குறைவதால் ஓயாத காய்ச்சல் உண்டாகின்றன. சில வகைகள் வாரக் கணக்கில் உயிருக்கு ஆபத்தாகும்; சில வகைகள் பல்லாண்டுகள் மெல்ல நகரும். ஆதலால் ஒருவருக்குப் பலித்த சிகிச்சை மற்றவருக்கும் பலிக்கும் என்று அடுத்த வீட்டுச் செய்தியைக் கேட்டு முடிவு செய்தல் ஆகாது.

மார்மைட் போத்தலிலிருந்து தொடங்கிய கதை

நமது வீடுகளிற் பெரும்பாலானவற்றில் சமையலறைத் தட்டிலே ஒரு மார்மைட் போத்தல் இருக்கும். பாணிற் பூசுவதற்கும், சுகமில்லாதவருக்கு வெந்நீரிற் கரைத்துக் கொடுப்பதற்கும் நாம் வைத்திருக்கும் அந்தக் கரிய களிக்கும் இரத்தப் புற்றுநோய் மருந்துக்கும் ஓர் உறவு உண்டு.

லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்திய அம்மையார் 1928ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் ஒருவகை இரத்தச் சோகையால் வாடினர். அதற்கு மதுவச் சத்தாகிய மார்மைட் நல்ல பலன் தருவதை அவர் கண்டு 1931இல் வெளியிட்டார். 1934-35ஆம் ஆண்டுகளில் நமது தீவை மலேரியாக் கொள்ளைநோய் வாட்டியபோது, போசாக்கின்றி மெலிந்தவர்களுக்கு மார்மைட் வழங்கப்பட்டதும் இதே வரலாற்றின் ஒரு பகுதி. அந்தக் களியில் இருந்த சத்து எது என்று தேடியவர்கள் கடைசியிற் கண்டது ஃபோலிக் அமிலம். இன்று கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் குளிசை அதுவே.

சோகைக்கு நல்லதானால் இரத்தப் புற்றுக்கும் நல்லதாயிருக்குமன்றோ என்று எண்ணுவது இயல்பு. அமெரிக்காவிலே போஸ்ரன் நகரத்தில் சிட்னி ஃபார்பர் என்னும் வைத்தியர் இரத்தப் புற்றுநோய் கண்ட சிறுபிள்ளைகளுக்கு ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்த பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை; வேகம் கொண்டது. நல்லெண்ணம் தோற்றது, ஆனால் உண்மை ஒன்று வெளிப்பட்டது. இச்சத்தை உண்டு நோய் வளருமானால், இச்சத்தைத் தடுத்தால் நோய் ஒடுங்க வேண்டுமல்லவா?

தடுக்கும் மருந்தை ஆக்கியளித்த குழுவுக்குத் தலைவராயிருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் ஆந்திரர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மாணவராயிருந்த காலத்தில் கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டம் பெறாமற் குறைந்த பட்டத்துடனேயே வெளியேறியவர். அவருடைய குழு தந்த அமினோப்ரெரின் என்னும் மருந்தை ஃபார்பர் பதினாறு பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பிள்ளைகளிடம் முன்னேற்றம் காணப்பட்டது. 1948ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அச்செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டு ஆவணியில் சுப்பாராவ் காலமானார். அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை; சில மாதங்களில் நோய் திரும்பிற்று. எனினும் மருந்தினால் இந்நோயை அடக்கலாம் என்று உலகம் அறிந்தது அன்றுதான். அம்மருந்தின் தம்பியான மெதோட்ரெக்சேட் இன்றும் இச்சிகிச்சையில் இடம்பெறுகிறது.

நமது முற்றத்துப் பட்டிப்பூவுக்கும் இதிற் பங்குண்டு. தமிழகத்தார் நித்தியகல்யாணி என்று வழங்கும் அச்செடியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்ரின் 1963இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று, பிள்ளைகளின் சிகிச்சையில் முதன்மையான மருந்துகளுள் ஒன்றாயிற்று. இதைப் படித்துவிட்டு யாரும் பட்டிப்பூ இலையை அவித்துக் குடிக்கத் தொடங்கிவிடலாகாது. அது நஞ்சு. இம்மியளவில் அளந்து நரம்பில் ஏற்றும்போதுதான் அது மருந்து. அந்த அளவைக் கண்டுபிடித்துத் தந்தவை மருந்துப் பரீட்சைகளே.

ஒரு மருந்து அடக்கும், மீண்டும் நோய் வரும். இரண்டு மருந்து சேர்த்தால் இன்னும் சிறிது காலம் அடங்கும். மூன்று, நான்கு சேர்த்தால்? இப்படிப் படிப்படியாக ஒப்பிட்டு ஒப்பிட்டே வழி கண்டனர். அன்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் இறந்துபோன கடும் நிணக்குழிய இரத்தப் புற்றுநோயில், இன்று செல்வம் மிக்க நாடுகளிற் பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் அளவில் பிழைக்கின்றனர். அந்த ஒன்பது பேருக்கும் முன்னே, பெயர் தெரியாத எத்தனையோ பிள்ளைகளும் பெற்றோரும் "சரி, பார்ப்போம்" என்று இசைந்திருக்கின்றனர் என்பதை நாம் மறத்தல் தகாது.

பூக்கட்டிப் பார்ப்பதுபோல

பரீட்சை நடைபெறும் முறையையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு புதிய மருந்து பொதுவாக மூன்று படிகளைக் கடக்கிறது. முதற்படியில், மிகச் சிலரிடம், எவ்வளவு கொடுத்தால் உடல் தாங்கும் என்று பார்க்கின்றனர். மற்ற மருந்துகளுக்கு இப்படியில் பெரும்பாலும் சுகதேகிகளே முன்வருவர். புற்றுநோய் மருந்துகள் கடுமையானவை ஆகையால் நோயாளரே சேர்க்கப்படுகின்றனர். வேறு சிகிச்சைகள் பயன்படாதுபோனவர்கள் அவர்களிற் பலர். இரண்டாம் படியில், இன்னும் சற்று அதிகமானோரிடம், மருந்துக்குப் பலன் உண்டா என்று பார்க்கின்றனர். மூன்றாம் படியில், நூற்றுக்கணக்கானோரை இரு பிரிவாக்கி, இன்று நடைமுறையிலுள்ள சிறந்த சிகிச்சையோடு புதியதை ஒப்பிடுகின்றனர். வெள்ளவத்தைத் தாயாருக்குக் கொடுத்த பத்திரம் இவற்றுள் எந்தப் படியைச் சேர்ந்தது என்று கேட்டறிவது முதல் வேலை.

யார் எந்தப் பிரிவில் என்பதை வைத்தியரும் தீர்மானிப்பதில்லை, நோயாளரும் தீர்மானிப்பதில்லை. சீட்டுப் போட்டாற்போலக் கணினி பிரித்துவிடுகிறது. "உயிர் விஷயத்தில் சீட்டுக் குலுக்குவதா?" என்று மாமனார் கோபிப்பது நமக்குக் கேட்கிறது. நம்மவர் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதில்லையா? சிவப்புப் பூவா வெள்ளைப் பூவா என்று பார்ப்பது எப்பொழுது? இரண்டு வழியும் நல்லதாகத் தோன்றி, எது மேல் என்று மனித புத்திக்கு எட்டாதபொழுதுதான். ஒரு வழி மேலானது என்று தெரிந்தபின் யாரும் பூக்கட்டுவதில்லை. மருந்துப் பரீட்சையின் நியாயமும் அதுவே. ஒரு முறை நிச்சயமாகச் சிறந்தது என்று முன்பே தெரிந்திருந்தால், மற்ற முறைக்கு ஒருவரை அனுப்புவது குற்றம். அத்தகைய பரீட்சைக்கு அனுமதி கிடையாது. அவ்வாறே, இத்தகைய நோயில் ஒரு பிரிவினருக்கு வெறும் சீனிக் குளிசையைக் கொடுத்து நோயை வளரவிடுவார்கள் என்ற அச்சமும் வேண்டுவதில்லை. நல்ல சிகிச்சையொன்று இருக்கும்போது எந்தப் பிரிவினரையும் சிகிச்சையின்றி விடுவதில்லை. அச்சிகிச்சையோடு இன்னொன்றைச் சேர்ப்பதா, அதற்குப் பதிலாகப் புதியதைக் கொடுப்பதா என்பதே கேள்வி.

இம்முறையால் தமிழ்நாடு உலகத்துக்கே ஒரு பாடம் சொன்னது. 1956இல் சென்னையிலே காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. ஆரோக்கிய நிலையத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் படுத்திருந்து மருந்து உண்பவர் ஒரு பிரிவு. நெருக்கமான ஏழை வீட்டிலிருந்தே மருந்து உண்பவர் மற்றப் பிரிவு. சீட்டுப் போட்டே பிரித்தனர். ஆரோக்கிய நிலையமே வெல்லும் என்று பெரியோர் பலர் நம்பியிருந்தனர். 1959இல் வெளியான முடிவோ, வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதற்கு ஈடானது என்று காட்டிற்று. உலகெங்கும் காசநோயாளர் குடும்பத்தைப் பிரியாமற் குணமடையும் வழி அதனாற் பிறந்தது.

புதியதே எப்பொழுதும் வெல்லும் என்பதும் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு மிகக் கடுமையான அளவில் மருந்து கொடுத்து, பின்பு நோயாளரின் மச்சைக் கலங்களையே திரும்ப ஏற்றும் முறை 1990களிற் பெரிதும் பரவியது. பலர் தம் உடைமைகளை விற்று அதனைப் பெற்றனர். 1999இல் ஒப்பீட்டுப் பரீட்சைகளின் முடிவுகள் வெளியானபோது, சாதாரண சிகிச்சையைவிட அதனால் நன்மை இல்லை என்று தெரிந்தது. பரீட்சித்துப் பாராமற் கொடுத்ததே அங்கு ஆபத்தாயிற்று.

அடையாற்றிலும் வேலூரிலும்

"இதெல்லாம் வெள்ளைக்காரர் தேசத்துக் கதை" என்பார் உண்டு. அவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்லுவோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் தோற்றுவித்த அடையாறு புற்றுநோய் நிலையமும், பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையும், டில்லி அகில இந்திய மருத்துவ நிலையமும் கடும் நிணக்குழிய இரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி. 841 என்னும் ஒரே எழுதப்பட்ட சிகிச்சை ஒழுங்கைக் கைக்கொண்டன. அதற்கு முன், இந்நோய் கண்ட இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு இருபது பேருக்கும் குறைவானோரே நான்காண்டு கடந்து நோயின்றி இருந்தனர். புதிய ஒழுங்கினாலும், காய்ச்சலையும் இரத்தக் கசிவையும் கவனிக்கும் முறை திருந்தியதாலும், அத்தொகை 45 முதல் 60 வரை உயர்ந்தது. 1990 முதல் 1997 வரை சிகிச்சை பெற்ற 1,048 பேரின் கணக்கு 2005இல் வெளியாயிற்று. அக்கணக்கு இன்னொன்றையும் சொல்லிற்று. இந்நோயில் 'ரி' கல வகை என்று ஒன்று உண்டு. மேனாட்டுப் பிள்ளைகளிலும் பார்க்கச் சென்னைப் பிள்ளைகளிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. நம்மவர் நோய் சிறிது வேறானால், நம்மவரிடம் பரீட்சிக்காத சிகிச்சையை நமக்கு முற்றும் பொருந்தும் என்று எவ்வாறு நம்புவது? பரீட்சைகளில் நமது மக்கள் பங்குகொள்ளாவிடின், நமது உடல் பற்றிய அறிவு என்றும் இரவல் அறிவாகவே இருக்கும்.

இரண்டாவது செய்தி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து. இரத்தப் புற்றில் ஒருவகை, திடீரென இரத்தக் கசிவை உண்டாக்கிக் கொல்லும் தன்மையது. அதற்கான மேனாட்டுச் சிகிச்சை ஏழைகளால் தாங்க முடியாத செலவுடையது. பாஷாணத்தின் ஒரு வடிவமான ஆர்சனிக் ட்ரையொக்சைட்டு இந்நோயைத் தணிக்கும் என்று சீனத்து வைத்தியர் கண்டிருந்தனர். வேலூர் வைத்தியர்கள் 1998 முதல் 2004 வரை புதிதாக இந்நோய் கண்ட 72 பேருக்கு அதனை மட்டுமே கொடுத்து, ஒவ்வொருவரையும் கவனித்து எழுதினர். நூற்றுக்கு 86 பேரிடம் நோய் முற்றாக அடங்கிற்று. 2006இல் வெளியான அம்முடிவை உலகம் வியப்போடு படித்தது. பின்பு ஐரோப்பாவில் சீட்டுப் போட்டு நடத்திய பரீட்சையொன்று, 2013இல், ஆர்சனிக்கையும் வைற்றமின் ஏ சார்ந்த மருந்தையும் சேர்த்த சிகிச்சை, பழைய கடும் சிகிச்சைக்குக் குறையாதது என்று உறுதி செய்தது. இன்று பணக்கார நாடுகளும் ஆர்சனிக்கைக் கைக்கொண்டிருக்கின்றன. வறுமையைக் கருதிச் செய்த முயற்சி எல்லோருக்கும் வழியாயிற்று.

மாமனாரின் அச்சம் மடமையன்று

இவ்வளவும் சொல்லிவிட்டு, தாய்மாமனை நாம் பரிகசிக்கப் போவதில்லை. அவருடைய அச்சத்துக்குச் சரித்திரம் உண்டு. அமெரிக்காவிலே டஸ்கீகீ என்னும் இடத்தில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட நூற்றுக்கணக்கான ஏழைக் கறுப்பினத்தாரை, மருந்து கிடைத்த பின்பும் அதைக் கொடாமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தனர். ஹிட்லரின் முகாம்களில் வைத்தியர்கள் செய்த கொடுமைகளை விசாரித்த நீதிமன்றம் 1947இல், மனிதரின் மனமொத்த சம்மதமின்றி எந்தப் பரீட்சையும் கூடாது என்று விதித்தது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி நகரில் வைத்தியருக்கான நெறிகளை வகுத்தது. இன்றைய பாதுகாப்புகள் யாவும் இத்தகைய அநீதிகளின் பின் கட்டிய வேலிகள்.

அவ்வேலிகள் எவை? எந்தப் பரீட்சையையும் தொடங்குமுன், அதில் ஈடுபடாத ஓர் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு அதனைப் பார்த்து அனுமதிக்க வேண்டும். பரீட்சை பொதுமக்கள் பார்க்கத்தக்க பதிவேட்டில் பதியப்படல் வேண்டும். நமது நாட்டில் இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் அத்தகைய பதிவேடு ஒன்றை நடத்துகிறது. புதிய மருந்துகளுக்கு 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் தேவை. இந்தியாவில் 2009 முதல் பதிவு கட்டாயம். பரீட்சையால் ஒருவருக்குக் கேடு விளைந்தால் சிகிச்சையும் நட்டஈடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பதிவிலக்கம் இல்லாத பரீட்சை என்றால் எழுந்து வந்துவிடலாம். பரீட்சையிற் சேர்வதற்குப் பெருந்தொகை கட்டச் சொல்லுபவரையும் அவ்வாறே ஐயுற வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நமது குடும்பங்களில் வைத்தியரை எதிர்த்துக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று ஓர் எண்ணம் உண்டு. இவ்விஷயத்தில் கேளாமலிருப்பதே தவறு. பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம்.

ஒன்று: இந்தப் பரீட்சையிற் சேராவிட்டால் பிள்ளைக்குக் கிடைக்கும் சிகிச்சை என்ன? அதன் பலன் எவ்வளவு?

இரண்டு: எவற்றை ஒப்பிடுகிறீர்கள்? எது மேல் என்று இன்னும் தெரியாதிருப்பது ஏன்?

மூன்று: என்னென்ன பக்கத்தீங்குகள் வரலாம்? நள்ளிரவிற் காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பது? கொழும்பில் இருக்கும்போது கண்டால் என்ன செய்வது?

நான்கு: எத்தனை முறை வர வேண்டும்? பயணம், தங்குமிடம், மேலதிக சோதனை ஆகியவற்றின் செலவு யாருடையது?

ஐந்து: நடுவில் விலகலாமா? விலகலாம் என்பதே சரியான மறுமொழி. எப்பொழுதும், காரணம் சொல்லாமலே, வழமையான சிகிச்சைக்குக் குறைவின்றி விலகும் உரிமை நோயாளருக்கு உண்டு. இதில் வைத்தியர் தயங்கினால் அங்கே நாமும் தயங்க வேண்டும்.

ஆறு: மருந்து பலித்தால், பரீட்சை முடிந்த பின்னும் கிடைக்குமா? இக்கேள்வி சிறியதன்று. நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கு இமாற்றினிப் என்னும் குளிசையின் முதற் பரீட்சை 1998இல் தொடங்கிற்று. தக்க அளவு பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்தம் சீராயிற்று. 2001இல் மருந்து அங்கீகாரம் பெற்றது. ஆனால் நெடுங்காலம் உண்ண வேண்டிய அக்குளிசையின் விலையோ அன்று சாதாரண மக்களுக்கு எட்டாததாயிருந்தது. அதன் காப்புரிமை கோரிய மனுவைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது; 2013 சித்திரை முதலாந் திகதி இந்திய உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதனால் மலிவான குளிசைகள் தொடர்ந்து கிடைக்க வழி பிறந்தது. கண்டுபிடிப்பது ஒரு போர். கைக்கு எட்டச் செய்வது மற்றொரு போர்.

ஏழு: பத்திரம் தமிழில் உண்டா? ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ உள்ளதை ஒருவர் அவசரமாக வாய்மொழியிற் சொல்லக் கேட்டுக் கையொப்பமிடுவது சம்மதமாகாது. விளங்கும் மொழியிற் பெற்று, வீட்டுக்குக் கொண்டுவந்து, இருந்து வாசிக்கும் உரிமை யாவருக்கும் உண்டு.

கையொப்பம் யாருடையது?

இனி, அந்தக் கடைசித் தாளில் இருந்த வரிக்கு வருவோம். இருபது வயது நிரம்பியவருக்குப் பதிலாகத் தாயோ தகப்பனோ கையொப்பமிட முடியாது. சிறுபிள்ளைகளானால் பெற்றோர் ஒப்பமிடுவர். அப்பொழுதும் விளங்கும் வயதுப் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பதே முறை. இம்மகனோ வளர்ந்தவர். பரீட்சையிற் சேர்வதா இல்லையா என்பது அவருடைய முடிவு. நோயின் பெயரே தெரியாதவர் எவ்வாறு முடிவு செய்வார்? ஆகவே அந்தத் தாயார் நம்மிடம் கேட்ட கேள்விக்கு முன்னே அவர் கேளாத கேள்வியொன்று இருக்கிறது. சேர்ப்பதா என்பதற்கு முன், சொல்லுவதா?

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லுவோம். கொட்டாஞ்சேனையில் ஓர் ஆசிரியர். நமது நீண்டகால நண்பர். அவருக்கும் இவ்வகை நோய் கண்டது. மனைவியும் மக்களும் மறைத்தனர். நாமும் அதற்கு உடந்தையாயிருந்தோம். கோட்டைக்குப் போய் 138ஆம் இலக்க பஸ் ஏறினால் மஹரகமவில் அந்த வைத்தியசாலை இருக்கிறது. அங்கே கொண்டுபோனால் பெயர்ப்பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார் என்று அஞ்சி, வேறிடங்களுக்கு அழைத்துத் திரிந்தனர். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. நாம் போகும்போதெல்லாம் கிரிக்கெட்டைப் பற்றியும் பழைய மாணவரைப் பற்றியுமே பேசுவார். அவர் காலமான பின் மேசை இலாச்சியில் ஒரு சிறிய நாட்குறிப்பு அகப்பட்டது. வாரந்தோறும் தமது வெண்குழியத் தொகையையும் சிறுதட்டுத் தொகையையும் வாத்தியார் எழுத்தில் அழகாக வரிசையாய் எழுதி வைத்திருந்தார். முதல் வாரத்திலிருந்தே. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாம் அவரைக் காப்பாற்றுவதாக எண்ணியிருந்தோம். அவரோ நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியவை எத்தனையோ அவருக்கும் இருந்திருக்கும். கேட்க வேண்டியவை நமக்கும் இருந்தன. இரு பக்கமும் வாய் மூடியே பிரிந்தோம். அந்தக் குறை இன்றும் நம் நெஞ்சில் இருக்கிறது.

கையிலே தொலைபேசி வைத்திருக்கும் இருபது வயதுப் பிள்ளை, முடி கொட்டும் சிகிச்சையை இரத்தக் குறைவு என்று நம்பியிருப்பார் என நாம் கருதவில்லை. ஆதலின் அத்தாயாருக்கு நாம் எழுதியது இது: ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதில்லை. வீடு அமைதியாயிருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்து, "உனக்கு எவ்வளவு தெரியும், தம்பி? என்ன தெரிந்துகொள்ள விருப்பம்?" என்று முதலிற் கேளுங்கள். அவர் கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். நோய் அடங்கியிருக்கிறது என்பதும் உண்மையே, அதனையும் சொல்லுங்கள். பத்திரத்தை அவர் கையிற் கொடுங்கள். சேர்ந்தாலும் நல்லது, சேராவிட்டாலும் குற்றமில்லை. அறியாமற் சேர்வதும், அச்சத்தால் மறுப்பதும்தான் வேண்டாதவை.

மாமனாருக்கும் ஒரு வேலை சொன்னோம். மருமகன்மேல் அவருக்குள்ள அன்பு பெரியது; அதற்குச் செயல் வேண்டும். இச்சிகிச்சை பெறுவோருக்கு இரத்தமும் சிறுதட்டுக்களும் அடிக்கடி தேவைப்படுகின்றன. நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய இரத்த நிலையத்துக்குச் சென்று இரத்தம் கொடுத்தால், முகந்தெரியாத ஒரு பிள்ளைக்காவது அது உதவும். இது நமது வாசகர் எல்லோருக்கும் உரிய வேலை.

சென்ற வியாழக்கிழமை அந்தத் தாயார் தொலைபேசியில் அழைத்தார். மகனுடன் பேசிவிட்டாராம். "எனக்குத் தெரியும் அம்மா, நீங்கள் அழுவீங்கள் எண்டுதான் கேக்கேல்லை" என்று சொன்னாராம் பிள்ளை. இப்பொழுது பத்திரத்தைத் தாமே வைத்திருந்து, பென்சிலாற் கோடிட்டுக் கோடிட்டு வாசிக்கிறாராம். நாம் எழுதிய ஏழு கேள்விகளோடு தமது கேள்விகளாக மேலும் நான்கைச் சேர்த்திருக்கிறாராம். மாமனார் வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்து தாமும் வாசித்தாராம்.

அடுத்த வாரம் அவர்கள் தமிழகம் செல்கின்றனர். பிள்ளை கையொப்பமிடுவாரா மாட்டாரா என்று நாம் கேட்கவில்லை. அது அவருடைய விஷயம்.